பரீட்சை வேண்டாம் என்று சொன்ன பள்ளிக்கூடம்

1

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று கீழ்வேளூரிலிருந்து என் தம்பி மகன் பிரிட்டோ போனில் படம் அனுப்பியிருந்தான். பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று பூத் தூவுகிறார்கள், கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது. "நம்ம பக்கம் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"சீக்கிரம் வந்துடும்னு சொல்றாங்க அத்தை."

சொல்றாங்க. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். காவிரி கடைசியாக வந்து நிற்கிற கடைமடையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதே நாள் காலையில்தான் இங்கே ஜெனியின் பரீட்சை முடிவும் வந்தது. கொஞ்சத்தில் தவறிவிட்டாள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்ததால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நம் பங்குக் கோவில் திருவிழா மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதித் தர வேண்டும் என்று பிரிட்டோவும் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதவில்லை. விட்டு விட்டு எழுதினது.

ஜெனி என் தங்கை ஸ்டெல்லாவின் மகள். எங்கள் வீட்டில் நான் மூத்தவள், ஸ்டெல்லா கடைக்குட்டி. அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா வந்து, ஆரோக்கியத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, இங்கேயே ஜெனியைப் பெற்றாள். பிறக்கும்போது குழந்தைக்குக் கொஞ்ச நேரம் மூச்சு வரவில்லை. அதனால் வலது கையும் காலும் பலம் குறைவு, பேச்சு நிதானம். எழுத்தைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. காதால் கேட்டதை மட்டும் மறக்க மாட்டாள். என் வீட்டுக்காரர் போன பிறகு, குழந்தை குட்டி இல்லாத என்னை, "ஜெனியைப் பாத்துக்க வாக்கா" என்று ஸ்டெல்லா கூப்பிட்டாள். வந்தேன், இருக்கிறேன். கோவிலில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் "ஹாய் ஆன்ட்டி" என்பதோடு ஓடிவிடுகின்றன. ஜெனி ஒருத்திதான் பள்ளிக்கூட நேரம் போக என்னோடேயே இருந்து, கீழ்வேளூர்ப் பேச்சே பேசுகிறாள்.

2

காலையில் பள்ளிக்கூட வேன் வரும். அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணாடி வழியாகக் கையாட்டும் வரை நான் வாசலை விட்டு நகர மாட்டேன். வேன்காரர் தினமும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் பெல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகள் கடைசியாக ஒரு பரீட்சை எழுத வேண்டும். தேறினால்தான் டிப்ளமோ. நம் ஊரில் பாலிடெக்னிக் படித்தால் கொடுப்பது போல இல்லை, இங்கே பள்ளிக்கூடம் முடித்ததற்கே அந்தப் பெயர். ஜெனி மாதிரிப் பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றவர்களும் பள்ளிக்கூடத்தாரும் உட்கார்ந்து பேசி, பரீட்சையே வேண்டாம் என்று விலக்கு எழுதிக்கொள்ளலாமாம்.

அதற்காகக் கூட்டம் போட்டார்கள். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் என்று என்னையும் கூப்பிட்டு, எனக்காகப் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் வைத்திருந்தார்கள். நான் போய் ஜெனிக்குப் பக்கத்தில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசை மேல் ஒரு பெட்டி நிறைய டோனட், கலர் கலராக மிட்டாய் தூவினது. கூட்டம் நடத்தின அம்மாள் எழுந்து வந்து என் முன்னால் ஒன்றை வைத்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஏதாவது கேட்கப் போகிறவர்கள்தான் முதலில் பலகாரம் வைப்பார்கள்.

போனில் பேசினவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல குரல்.

"அம்மா, பிள்ளை சோதினை எழுதத் தேவையில்லையெண்டு இவை சொல்லினம். இருபத்தொரு வயது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரலாமாம், வேனும் வருமாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

யோசிக்காதே என்பதை அவர்கள் சொன்னார்களா, இவரே சேர்த்துக்கொண்டாரா? எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"எழுதாட்டி, மத்தப் புள்ளைங்க வாங்கற அதே பேப்பர் இவளுக்கும் குடுப்பாங்களா?"

அதற்கு மேல் இங்கிலீஷில் நெடுநேரம் பேச்சு நடந்தது. அந்த அம்மாள் பேசினார், பக்கத்தில் இருந்தவர் பேசினார், ஸ்டெல்லா ஏதோ கேட்டாள். கடைசியில் போனில் இருந்தவர் சொன்னார்: "அது வேறை பேப்பராம் அம்மா. ஆனா எல்லாரோடயும் மேடையில நிண்டு வாங்கலாமாம்."

அவ்வளவு பேசினதற்கு இவ்வளவுதான் தமிழா? மீதி எங்கே போனது? நான் டோனட்டைத் தொடவில்லை.

திரும்பும்போது காரில் ஆரோக்கியம் சந்தோஷமாக இருந்தார். "அக்கா, நமக்கு நல்லதுதானே செய்யறாங்க? இன்னும் மூணு வருஷம் படிப்பு, வேன், எல்லாம் சும்மா."

"அந்தப் பேப்பர காட்டினா வேலை குடுப்பாங்களா தம்பி?"

அதற்கு ஸ்டெல்லாதான் சொன்னாள். "எங்க ஆஸ்பத்திரியில குடுக்க மாட்டாங்கக்கா. கிச்சன்ல தட்டு அடுக்கறதுக்கே டிப்ளமோ வேணும்."

பள்ளிக்கூடத்திலிருந்தே ஜெனியை அந்தச் சமையல்கூடத்துக்கு வேலை பழகக் கூட்டிப்போவார்கள். நோயாளிகளின் தட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னால் அவளுக்குப் போதும். அங்கே போட்டுக்கொள்ளும் நீலத் தொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி முன்னால் போட்டுப் பார்ப்பாள். அந்த வேலைதான் வேண்டும் என்று அவள் எங்களிடம் எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது.

"அதுக்காக?" என்று ஆரோக்கியம் குரலை உயர்த்தினார். "எழுதித் தோத்துட்டு வந்து அழுதா யாரு தாங்கறது?"

பின் சீட்டில் என் பக்கத்திலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது. "நீங்க அழாம இருந்தா சரி டாடி. நான் எழுதறேன்."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. ஆனால் விலக்குக் கேட்டுக் கையெழுத்துப் போடவும் இல்லை.

3

எனக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று இங்கே எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு வருஷம் அதிகாரிகள் ஜீப்பில் வந்து எங்கள் வாய்க்கால் மதகைத் திறந்தார்கள். சூடம் கொளுத்தி, பூப்போட்டு, போட்டோ எடுத்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று பேப்பரிலும் வந்தது. ஜீப் வளைவு திரும்பி மறைந்ததும், மதகு ஏற்றி இறக்குகிற லஸ்கர் பலகையை இறக்கிவிட்டார். மேலே இருக்கிற வயல்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்களாம். வாய்க்காலில் வந்தது ஈரம்தான். எங்கள் அப்பா அந்தப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இதுல வந்த தண்ணியில நாத்து விட முடியுமா?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அதிலிருந்து தண்ணீர் விடும் நாளில் எங்கள் ஊரில் முறை போட்டு மதகுக்கு ஆள் அனுப்புவார்கள். போனவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சண்டை போட வேண்டியதில்லை. ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் பலகை இறங்காது. அப்பாவின் முறை வரும்போது சோற்றுத் தூக்கைக் கொண்டுபோய் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை வந்தபோது வயலில் பயறு எடுக்கிற நேரம். அம்மாவுக்குக் கைக்குழந்தை. என்னைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியவில்லை. வாத்தியார் களத்துக்கே வந்தார். நல்ல மனிதர். "பொம்பளப் புள்ளதானே, எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? பாஸ் போட்டுட்டேன் போ" என்றார். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வாத்தியாருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பாஸ்தான் ஆகிவிட்டதே, இன்னும் எதற்குப் படிப்பு என்று அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது.

நான் அந்தப் பரீட்சைக்கு நிலம் அளக்கிற மா, வேலிக் கணக்கெல்லாம் பாடம் பண்ணி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. எழுதியிருந்தால் தேறியிருப்பேனா, மாட்டேனா? இந்த வயசிலும் எனக்குத் தெரியாது. அதனால் பரீட்சை வேண்டாம் என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், அவர் கை எந்தப் பலகையில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

4

பரீட்சை எழுத ஜெனிக்குச் சில சலுகைகள் உண்டு. தனி அறை, கூடுதல் நேரம், கேள்விகளை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒரு ஆள். எல்லாம் தருவோம் என்றார்கள். தருவார்கள் என்று நான் எப்படி நம்புவது? பரீட்சை அன்றைக்கு எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு நானும் போனேன். பள்ளிக்கூட வாசலில் என் பெயரைத் தப்பாக எழுதி நெஞ்சில் ஒட்டிவிட்டார்கள். முன் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆபீஸ் பெண் வந்து என்னமோ கேட்டாள். "வெயிட்டிங்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். மறுபடியும் "வெயிட்டிங்". எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது ஒன்றுதான் அன்றைக்கு உபயோகமாக இருந்தது. அவள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கையில் வாங்கிக்கொண்டு அப்படியே வைத்திருந்தேன்.

மற்றப் பிள்ளைகள் எழுதி முடித்து, சத்தம் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். ஜெனி வரவில்லை. சொன்னபடி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அவசரப்பட்டுச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆறிப்போன காப்பியைக் குடித்தேன்.

கடைசியில் ஜெனி காலை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் டோனா. கேள்வி படித்துக் காட்டினது இந்த டோனாதான். எத்தனையோ வருஷமாக ஜெனியின் வகுப்பில் உதவி செய்கிறவர், என் வயசு இருக்கும். ஜெனியின் தோளில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. எழுதினவள் சிரிக்கவில்லை. படித்துக் காட்டினவருக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம்?

வீட்டுக்கு வந்து ஜெனி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"என்னடி, கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல பெரியம்மா."

"பின்ன என்ன?"

"மிஸ் விரல வெச்சாங்க."

"எங்க?"

"பதில்ல. நாலு பதில் இருக்கும்ல. ஒண்ணு ஒண்ணாப் படிப்பாங்க. சரியான பதில் வரும்போது விரல அங்கயே வெச்சிருந்தாங்க. எடுக்கவே இல்ல."

"நீ என்ன பண்ணினே?"

"வேற பதில் சொன்னேன்."

"அடிப்பாவி! சரியான பதிலக் காட்டினா வேறயா சொல்லுவே?"

"நான் நினைச்சதும் அதேதான் பெரியம்மா. அவங்க விரல வெச்ச உடனே மாத்திட்டேன்." தட்டைத் தள்ளி வைத்தாள். "அவங்க எதுக்குக் காட்டணும்? நீங்கதான சொல்வீங்க, கேக்காமக் குடுக்கறத வாங்காதன்னு."

"எத்தனை கேள்விக்குடி இப்படிப் பண்ணினே?"

"அவங்க விரல் வெச்ச எல்லாத்துக்கும்."

நான் வாசலில் காவல் உட்கார்ந்திருந்தேன். மதகு உள்ளே இருந்தது. பலகையை இறக்கினவரும் எங்களுக்கு விரோதி இல்லை, உதவி செய்கிறவர். என்ன சொல்லித் திட்டுவது, யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னால் அவள் பள்ளிக்கூடத்தில் போய் நிற்பாள், டோனாவுக்கு வேலை போகும், ஜெனி எழுதினதும் செல்லாமல் போகலாம். ஒருவேளை இத்தனைக்கும் மீறி இவள் தேறிவிடலாம். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

5

தேறவில்லை. அதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேனே.

ஆரோக்கியம் மறுபடி ஆரம்பித்தார். "போதும்கா. அந்த இன்னொரு பேப்பரையே வாங்கிக்கலாம். புள்ளைய வதைக்க வேண்டாம்." இந்தத் தடவை ஸ்டெல்லாவும் தலையாட்டினாள். கோடையிலேயே இன்னொரு முறை எழுதலாம் என்றாலும், எழுத வைக்க அவர்களுக்கு மனசில்லை. மறுபடி கூட்டம். மறுபடி அதே மேசை, அதே யாழ்ப்பாணத்துக்காரர் குரல். டோனட்டுக்குப் பதில் திராட்சை. டோனாவும் வந்திருந்தார்.

விலக்கு என்ற பேச்சு வந்ததும் நான் ஜெனியைப் பார்த்தேன். அவள் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவது போல இடது கையை. இங்கிலீஷில்தான் பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாக. போனில் இருந்தவர் எனக்குச் சொன்னார், இந்தத் தடவை ஒன்றையும் விடாமல்:

"நான் திரும்ப எழுதிறன் எண்டு பிள்ளை சொல்லுது. ஆனா ஆள் வாசிக்க வேண்டாமாம். கொம்ப்யூட்டர் வாசிக்கட்டுமாம். ஏனெண்டு கேட்டினம். கொம்ப்யூட்டருக்கு விரல் இல்லை எண்டு சொல்லுது. எனக்கு விளங்கேல்லை அம்மா."

மேசையில் இருந்தவர்களுக்கும் விளங்கவில்லை. யாரோ சிரித்தார்கள். டோனாவின் முகம் மட்டும் மிளகாய் மாதிரிச் சிவந்துபோனது. குனிந்து திராட்சைக் காம்பைப் பிய்க்க ஆரம்பித்தார். ஜெனி அவரைப் பார்க்கவே இல்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. கம்ப்யூட்டர் படிப்பதும் உள்ள சலுகைதானாம், கேட்டால் கிடைக்குமாம். இதை முதலிலேயே ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?

வெளியே வந்தபோது டோனா எங்கள் பின்னாலேயே வந்தார். ஸ்டெல்லாவும் ஆரோக்கியமும் கார் எடுக்கப் போயிருந்தார்கள். டோனா ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னமோ சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"என்னடி சொல்றாங்க?"

"நான் தோத்துடுவேன்னு பயந்துட்டாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் பயப்படலன்னு சொன்னேன்."

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். தோற்றால் தன் பெயர் கெடும் என்ற பயமாகவும் இருக்கலாம். அந்தக் கண்ணைப் பார்த்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. என் பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். அவர் உடனே ஒன்றை எடுத்துக் கடித்தார். நானாக இருந்தால் கடித்திருக்க மாட்டேன்.

6

இரண்டாம் தடவைக்கும் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆபீஸ் பெண்ணே "வெயிட்டிங்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நடுவில் எழுந்துபோய்ப் பார்த்தபோது, ஜெனி காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு விரலும் இல்லை.

நேற்று முடிவு வந்தது. தேறிவிட்டாள்.

வீடு முழுக்கச் சத்தம். ஆரோக்கியம் அழுதார். "டாடி, நீங்க அழாம இருந்தா சரின்னு சொன்னேன்ல" என்று ஜெனி கேலி செய்தாள். ஸ்டெல்லா கேசரி கிண்டி எல்லோருக்கும் கிண்ணத்தில் வைத்தாள். ஜெனி நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பூனை எடுக்க முடியவில்லை.

"என்னக்கா?" என்றாள் ஸ்டெல்லா.

"ஒண்ணுமில்ல." ஆனால் வாய் நிற்கவில்லை. "நிஜமாவே தேறினாளா, இல்ல போதும்னு அவங்களாப் போட்டு விட்டுட்டாங்களா?"

ஆரோக்கியம் ஸ்பூனைக் கீழே வைத்தார். "அக்கா, உங்களுக்கு வானத்துலேர்ந்து சம்மனசே இறங்கி வந்து சொன்னாலும் ரெக்கையப் புடிச்சுப் பாப்பீங்க."

"ஆமா தம்பி, பாப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனி சிரிக்கவில்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டு, "கேளுங்க பெரியம்மா" என்றாள்.

"என்னத்த?"

"கணக்கு. ஏதாவது கேளுங்க. கம்ப்யூட்டர் வேண்டாம், நீங்களே வாயால கேளுங்க."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கணக்குத்தான். களத்தில் பயறு அள்ளிக்கொண்டே பாடம் பண்ணினது, ஒருத்தரும் என்னிடம் கேட்காதது.

"இருபது மா ஒரு வேலி. மூணே கால் வேலிக்கு எத்தனை மா?"

"மா, வேலின்னா?"

"நெலத்த அளக்கறது. ஏக்கர் மாதிரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் என் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். முகத்திலும் எதுவும் காட்டிவிடக் கூடாது என்று சுவரைப் பார்த்தேன்.

"அறுபது" என்றாள்.

நான் அசையவில்லை.

"இருங்க. மூணுக்கு அறுபது. காலு இருக்குல்ல." உதடு அசைந்தது. "காலு... இருபதுல காலு... அஞ்சு. அறுபத்தஞ்சு."

நான் உள்ளுக்குள் என் வழியில் போட்டுப் பார்த்தேன். அறுபத்தஞ்சு.

"சரியா பெரியம்மா?"

"சரிதான்."

"நிஜமாவா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

பிறகுதான் கேசரியைச் சாப்பிட்டேன். இனிப்புக் கொஞ்சம் அதிகம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பிரிட்டோ கூப்பிட்டான். நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாம். வீடியோ அனுப்பட்டுமா என்றான். வீடியோ வேண்டாம், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்று, காலோடு ஒரு படம் எடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.